ரூபா யார் பெயரில் வருகிறது? வங்கி ஆப்பில் பிட்கொயின் வாங்குவோரும் விற்போரும் பார்க்க வேண்டியவை

பிட்கொயின் கைமாறிவிட்டால் திரும்பி வராது. ரூபா அப்படியில்லை. கணக்கில் விழுந்த பிறகும் அதன்மேல் இன்னொருவர் உரிமை கோரலாம், வங்கி மறித்து வைக்கலாம், பொலிஸ் விசாரிக்கலாம். ஒரு இணையத் தளத்தின் வழியாக ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்கும் பீ-டு-பீயில் நடக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் விலையைப் பார்க்கும் முன், ரூபா யார் பெயரில் போகிறது, யார் பெயரில் வருகிறது என்பதைப் பாருங்கள்.

சட்டப் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ வியாபாரம் நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2018இலிருந்து பல தடவை எச்சரித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைப்படி, டெபிட், கிரெடிட் கார்டால் இவற்றை வாங்க இடமில்லை. கார்டு வழி அடைபட்டதால்தான் ஆட்கள் வங்கிக் கணக்கிலிருந்து வங்கிக் கணக்குக்கு ரூபா அனுப்பி வாங்குகிறார்கள். ஏதாவது பிழைத்தால் முறைப்பாடு செய்ய உரிய ஒரு கட்டுப்பாட்டாளர் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே இதில் இறங்க வேண்டும். விதிகள் மாறும், மத்திய வங்கியின் அறிவித்தல்களை அவ்வப்போது பாருங்கள்.

வேலை நடக்கும் விதம் எளிது. விற்பவர் ஒரு விளம்பரம் போடுகிறார்: விலை, குறைந்த தொகை, கூடிய தொகை, எந்த வழியில் காசு எடுப்பார், எத்தனை நிமிடம் தருவார். வாங்குபவர் ஓடர் போட்டதும் அந்த அளவு பிட்கொயினைத் தளம் பூட்டி வைக்கிறது. இதைத்தான் எஸ்க்ரோ என்கிறார்கள். வாங்குபவர் ரூபா அனுப்பி, "செலுத்திவிட்டேன்" என்ற பொத்தானைத் தட்டுகிறார். விற்பவர் தன் கணக்கைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறக்கிறார். பூட்டைத் தளமே வைத்திருந்தால் தகராறில் தீர்ப்பும் தளத்தின் கையில். நடுவில் ஒரு நிறுவனம் இல்லாமல் நம் கணினியிலேயே ஓடும் பிஸ்க் போன்ற செயலிகளில் அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவி, ஆளுக்கொன்று. இரு தரப்பும் பிணைவைப்புப் போட்டுத்தான் தொடங்க முடியும். அது பாதுகாப்பு கூடியது, ஆனால் ரூபாவுக்கு ஆள் கிடைப்பது கடினம். 2012இல் பின்லாந்தில் தொடங்கிப் பலருக்கு முதல் பள்ளியாக இருந்த லோக்கல்பிட்கொயின்ஸ், 2023 பெப்ரவரியில் வியாபாரத்தை நிறுத்தியது. எந்தத் தளமும் நிரந்தரமில்லை. வாங்கியதை அங்கேயே கிடக்க விடாதீர்கள்.

இனி நம்மூரில் அதிகம் சிக்கும் இடம்: பெயர். தளத்தில் பதியும்போது அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் பதிவாகும். பணம் அனுப்பும் வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் வேறொன்று என்று இருப்பவர்கள் தோட்டப் பகுதியில் ஏராளம். செல்வராஜ், செல்வராஜா, செல்லராஜ் என்று மூன்று விதமாக ஆங்கிலத்தில் பதிந்திருப்பார்கள். அப்பாவின் பெயர் ஒரு இடத்தில் முழுதாகவும் இன்னொரு இடத்தில் முதலெழுத்தாகவும் இருக்கும். முதலெழுத்து பரவாயில்லை, மற்றவர் புரிந்துகொள்வார். கூட்டலே மாறியிருந்தால் விற்பவர் காசைத் திருப்பி அனுப்புவார், அதற்குள் நேரம் போய்விடும். வியாபாரம் தொடங்கும் முன்பே அடையாள அட்டையோடு வங்கிக் கிளைக்குப் போய்ச் சரிசெய்யுங்கள். வித்தியாசம் பெரிதென்றால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எழுதி எடுத்துப்போக வேண்டி வரலாம். அலைச்சல்தான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

இதே காரணத்துக்காக அம்மாவின் கணக்கிலிருந்தோ தம்பியின் கணக்கிலிருந்தோ அனுப்பாதீர்கள். டவுன் கொமியூனிகேஷனில் காசைக் கொடுத்து "இந்த நம்பருக்குப் போடுங்கள்" என்று சொல்வதும் கூடாது. ஈஸி கேஷ், எம்கேஷ் போன்ற போன்வழிப் பணத்தில் சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அனுப்புநர். வீட்டில் நாலு சிம்மும் அப்பா பெயரில் எடுத்திருந்தால் நாலு பேரும் அப்பாதான். காசு வைப்பு இயந்திரத்தில் நோட்டைப் போட்டால், போட்டது யார் என்று கணக்கைப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. விற்பவராக இருந்தால், வைப்பு இயந்திரக் காசை ஏற்பதில்லை என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? முக்கோண மோசடி ஒன்று இருக்கிறது. மோசடிக்காரன் முகநூலில் ஒரு பாவித்த போனை 60,000 ரூபாவுக்கு விளம்பரம் செய்கிறான். பதுளையில் ஒருவர் அதை வாங்க ஒத்துக்கொள்கிறார். அதே நேரத்தில் மோசடிக்காரன் உங்களிடம் 60,000 ரூபாவுக்குப் பிட்கொயின் ஓடர் போடுகிறான். நீங்கள் தளத்தில் கொடுத்த கணக்கு இலக்கத்தை எடுத்து, "இதுதான் என் கணக்கு" என்று பதுளைக்காரருக்கு அனுப்புகிறான். அவர் உண்மையான காசை, உண்மையான வங்கியிலிருந்து உங்களுக்கு அனுப்புகிறார். உங்கள் கணக்கில் 60,000 நிற்கிறது, தொகையும் சரியாக இருக்கிறது. நீங்கள் பூட்டைத் திறந்துவிடுகிறீர்கள். போன் வராத பதுளைக்காரர் பொலிசுக்குப் போகிறார். அவர் கையில் இருக்கும் ஒரே தடயம் உங்கள் பெயரும் உங்கள் கணக்கு இலக்கமும். மோசடிக்காரனின் பெயர் எங்கும் இல்லை.

இந்த மோசடியில் பொய்ச் சிலிப் கிடையாது, பொய்க் காசும் கிடையாது. பிசகுவது ஒன்றுதான்: அனுப்பியவர் பெயரும் ஓடர் போட்டவர் பெயரும் வேறு. அதைப் பார்ப்பது மட்டுமே தடுப்பு. பெயர் பொருந்தாவிட்டால் பூட்டைத் திறக்காதீர்கள். தளத்தின் அரட்டையில் "மூன்றாம் ஆளின் காசு" என்று எழுதி முறைப்பாட்டைத் திறந்து, காசை வந்த கணக்குக்கே திருப்புங்கள். ஓடர் போட்டவன் வேறொரு கணக்கு இலக்கம் தந்து "இதற்கு அனுப்புங்கள்" என்பான். அதைக் கேட்டீர்களோ, பதுளைக்காரரின் காசை நீங்களே எடுத்து அவன் கையில் கொடுத்ததாகிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று. வேலை தேடும் பிள்ளைகளிடம் "உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் மாத வாடகைக்குத் தா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட காசை ஓட்டுவதற்குத்தான் அந்தக் கணக்கு. வழக்கு வரும்போது கணக்குக்காரப் பிள்ளைதான் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். தம்பி தங்கைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

வாங்குபவருக்கு ஆபத்து இந்த அளவு இல்லை. அவருடைய எதிரி நேரம். ஓடருக்குப் பெரும்பாலும் 15 நிமிடமோ 30 நிமிடமோதான். பள்ளத்து லயத்தில் ஒரு கோடு சிக்னலில், மழை நேரத்தில் ஓடிபி எஸ்.எம்.எஸ். பத்து நிமிடம் கழித்து வந்து நிற்கும். வங்கியோ அதை அதற்குள் காலாவதியாக்கியிருக்கும். ஆகவே ஓடர் போடும் முன் வங்கி ஆப்புக்குள் ஒரு தடவை நுழைந்து பாருங்கள். மீதி இருக்கிறதா, இன்றைய அனுப்பும் எல்லை எவ்வளவு, புதுக் கணக்கு ஒன்றைச் சேர்த்தவுடன் அனுப்ப விடுகிறதா என்று பார்த்துவிட்டு, சிக்னல் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு ஓடரைப் போடுங்கள். நள்ளிரவில் சில ஆப்கள் பராமரிப்புக்காக நிற்கும், அந்த நேரம் வேண்டாம்.

வேறு வங்கிக்கு அனுப்பும்போது வங்கிகளை இணைக்கும் லங்காபேயின் சீஃப்ட்ஸ் (CEFTS) வழியைத் தெரிவுசெய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் காசு உடனே போய்ச் சேரும். ஸ்லிப்ஸ் (SLIPS) என்ற மற்ற வழி தொகுதி தொகுதியாகப் போவது, வங்கி நாளில்தான் விழும். இரண்டையும் குழப்பிக்கொண்டால், காசு போகும் வழியிலேயே ஓடரின் நேரம் முடிந்துவிடும். கணக்கு இலக்கத்தை ஒவ்வோர் எண்ணாகச் சரிபாருங்கள். குறிப்புப் பெட்டியில் ஓடர் இலக்கமோ உங்கள் பெயரோ போதும். "மருந்துச் செலவு", "வாடகை" என்று பொய் எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வங்கி கேட்கும் நாளில் அந்தப் பொய் உங்கள் தலையில் விடியும்.

காசு போகும் முன் "செலுத்திவிட்டேன்" தட்டாதீர்கள். காசு போன பிறகு, யார் கெஞ்சினாலும் ஓடரை ரத்துச் செய்யாதீர்கள். "கணக்கில் பிரச்சினை, ரத்துப் பண்ணுங்கள், காசைத் திருப்பி அனுப்புகிறேன்" என்று விற்பவர் சொல்வார். நீங்கள் ரத்துச் செய்த நொடியில் பூட்டு அவர் பக்கம் திறந்துவிடும். முதலில் காசு உங்கள் கணக்கில் வந்து விழட்டும், அதன் பிறகு ரத்து.

விற்பவர் சிலிப்பின் படத்தை நம்பக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எஸ்.எம்.எஸ்.ஸையும் நம்பக்கூடாது என்பது பலருக்குத் தெரியாது. அனுப்புநர் பெயரைப் போலியாக வைத்து அனுப்பினால், அது வங்கியின் பழைய செய்திகள் இருக்கும் அதே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கென்று திட்டமிட்ட பரிமாற்றத்துக்கும் ஆப் சிலிப் தரும். பிறகு அதை ரத்துச் செய்துவிடலாம். காசோலையைப் போட்டால் கணக்கு மீதி ஏறியது போலத் தெரியும், எடுக்கக்கூடிய மீதி ஏறாது. அதனால் நீங்களே ஆப்பைத் திறந்து, எடுக்கக்கூடிய மீதியையும் அனுப்பியவர் பெயரையும் பார்த்த பிறகுதான் விரலை வைக்க வேண்டும். பேபால் வேண்டவே வேண்டாம். பல ஆண்டுகளாக இலங்கைக் கணக்கில் அதனால் காசு பெற முடியாமல் இருந்தது. வெளிநாட்டு நண்பரின் கணக்கில் பெற்றாலும் அனுப்பியவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம்.

விலைக்கு ஒரு கணக்கு, புரிவதற்காக உருண்டையான எண்ணில். ஒரு பிட்கொயின் சந்தையில் 3 கோடி ரூபா என்று வைப்போம். ஒரு பிட்கொயினில் 10 கோடி சடோஷி. ஆக ஒரு சடோஷி 30 சதம். 20,000 ரூபாவுக்கு 66,667 சடோஷி வர வேண்டும். விளம்பர விலை 3 கோடியே 10 லட்சம் என்றால் 64,516தான் வரும். 645 ரூபா அங்கே போயிற்று. பிறகு சொந்த வொலட்டுக்கு, அதாவது சாவி உங்கள் கையில் மட்டும் இருக்கும் பிட்கொயின் பணப்பைச் செயலிக்கு, மாற்ற வேண்டும். அதற்கான கட்டணம் தொகையைப் பார்த்து அல்ல, பரிமாற்றத் தரவின் அளவைப் பார்த்து; அந்த அளவின் அலகு வீபைட். ஒரு சாதாரணப் பரிமாற்றம் சுமார் 140 வீபைட். வலையமைப்பில் வீபைட்டுக்கு 10 சடோஷி ஓடினால் 1,400 சடோஷி, அதாவது 420 ரூபா. நெரிசலில் 50 ஆனால் 2,100 ரூபா. தோட்டத்தில் 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தளங்கள் இதற்குப் பதிலாகத் தமது சொந்த நிலைக் கட்டணத்தையும் வைக்கும். சிறு தொகையென்றால் சிறு தொகைகளைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் லைட்னிங் என்ற பிட்கொயின் வழியாக எடுக்க முடியுமா என்று பாருங்கள், அல்லது மூன்று நான்கு தடவை வாங்கிச் சேர்த்து ஒரே தடவையில் எடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், ஆனால் தளத்தில் கிடக்கும் தொகை தொலைந்தால் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கட்டாரிலோ குவைத்திலோ இருக்கும் மாமா வீட்டுக்குக் காசு அனுப்ப இது வழியா என்று கேட்டால், இல்லை. இரண்டு பக்கமும் விலை இடைவெளி தின்னும், கட்டணம் தின்னும். குவைத் 2023இல் இவற்றைக் கட்டணத்துக்கும் முதலீட்டுக்கும் பயன்படுத்துவதையே தடை செய்துவிட்டது. வங்கி வழி மலிவு, பதிவும் இருக்கும்.

ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: ஓடர் இலக்கம், மற்றவரின் பெயர், அரட்டைப் படம், கணக்குக் கூற்றில் அந்த வரி. கணக்கு முடங்கினால் இவற்றை அச்சடித்து, ஒரு கடிதத்தோடு கிளைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டிருந்தால் பொலிசில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள். இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை செர்ட்டை 101இல் அழைக்கலாம்.

சொந்த வொலட்டைத் தொடங்கும்போது அது தரும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைப் போனில் படம் பிடிக்காதீர்கள். நம் மலைக் குளிரில் பேப்பரில் பூஞ்சணம் ஏறும், பேனா மை ஊறும். தடித்த மட்டையில் பென்சிலால் அழுத்தி எழுதி, வாய் ஒட்டும் பொலித்தீன் பை இரண்டுக்குள் வைத்து, கூரை ஒழுகாத பக்கத்தில் வையுங்கள். லெமினேட் பண்ண டவுன் கடைக்குக் கொடுக்காதீர்கள். அந்தச் சொற்களைப் படிக்கிற எவரும் அந்தக் காசை எடுக்கலாம்.