மொட்டைத் துறவியும் மூன்றாவது மாடியும்

சண்டைப் படம் என்றாலே எனக்கு ஆகாது. பத்து அடியாட்கள் கதாநாயகனைச் சுற்றி நிற்பார்கள். ஒருவன் உதை வாங்கி உருண்டு முடிக்கும்வரை மற்ற ஒன்பது பேரும் பொறுமையாகக் காத்திருப்பார்கள். எங்கள் ரேஷன் கடை வரிசையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. குங்பூ படம் இன்னும் மோசம். மரத்துக்கு மரம் பறப்பார்கள். பறக்கத் தெரிந்தவன் எதற்காக நின்று அடிபட வேண்டும், பறந்தே போய்விடலாமே?

அப்படிப்பட்ட நான் மே மாதத்தில் ஒரு சீனப் படத்தை முழுதாகப் பார்த்ததற்கு வேலூர் வெயில்தான் காரணம். சத்துவாச்சாரியில் அக்கா வீடு மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகலெல்லாம் காய்ந்த தளம், இரவு பத்து மணிக்கு மேல்தான் சூட்டை நம் தலையில் இறக்கி வைக்கும். ஏசி இருப்பது ஒரே அறையில். டிவியும் அங்கேதான், ரிமோட்டோடு அக்கா மகனும் அங்கேதான்.

“சீனாவின் ஷாவ்லின் மடத்துப் படம் மாமா. அங்கே போன போதிதர்மர் நம் காஞ்சிபுரத்துக்காரர் தெரியுமா?” என்றான்.

அப்படித்தான் சொல்கிறார்கள். காஞ்சிபுரத்துக்காரர் என்றால் பட்டுப்புடவை எடுக்கப் போகலாம், படம் பார்க்க வேண்டுமா என்ன? இருந்தாலும் ஏசிக்காக உட்கார்ந்தேன்.

‘ஷாவ்லினின் 36-ஆவது அறை’. 1978-இல் ஹாங்காங்கில் லாவ் கர்-லியுங் இயக்கியது, கதாநாயகன் கோர்டன் லியூ. சீனாவை ஆண்டு ஊரை நசுக்கும் மஞ்சு அரச வம்சத்திடமிருந்து தப்பி மடத்துக்கு ஓடிவரும் ஒரு மாணவனின் கதை. நான் தூங்கத் தயாராகச் சாய்ந்தேன். ஆனால் மடத்தில் சண்டையையே காணோம்! பயிற்சிக்கு 35 அறைகள். எடுத்த எடுப்பில் உச்சி அறைதான் வேண்டும் என்கிறான் நம் ஆள். அங்கே மூக்குடைபட்டு அடிமட்ட அறைக்கு வருகிறான். சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்னால் தண்ணீர். அதில் மிதக்கும் கட்டைக்கட்டின்மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சோறு. தொப்பென்று விழுகிறான். மறுபடி விழுகிறான். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து வாளிகள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, வாளிக்கு வாளி தண்ணீர் சுமந்து மேடேற வேண்டும். கை தாழ்ந்தால் புஜத்தில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். பாலாறு வறண்ட ஊரில் பிறந்து, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடி வளர்ந்தவன் நான். அந்தக் காட்சியை விமரிசிக்கும் தகுதி எனக்கு உண்டு. “தோளை இறக்காதே! மூச்சை விடு!” என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு மணல்மூட்டையைத் தலையால் முட்டினான். நானும் என் நெற்றியைத் தடவிக்கொண்டேன். இரட்டைக் கத்தி பிடித்த மூத்த துறவியிடம் தோற்றுத் தோற்று, மூங்கில் காட்டில் மூன்று துண்டுகளைக் கோத்த கோலைக் கண்டுபிடித்தபோது மருமகனின் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தேன். கடைசியில், வெளியார்க்கும் கற்றுத்தர 36-ஆவது அறை வேண்டும் என்று கேட்கிறான். அடடா! வில்லனோடு நடக்கும் இறுதிச் சண்டை எனக்கு இரண்டாம்பட்சம்தான். அது என்னவோ செமஸ்டர் தேர்வு மாதிரி. பாடம் நடந்ததுதான் சுவை.

மறுநாள் காலை மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. கீழே தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துவர வேண்டும். “நான் போகிறேன்” என்று இரண்டு வாளிகளோடு இறங்கியபோது அக்கா சந்தேகமாகப் பார்த்தாள். மருமகன் கத்தரிக்காய் நறுக்கும் கத்தி இரண்டைக் கொண்டுவந்தான், மறுத்துவிட்டேன்.

பாதி வாளித் தண்ணீர்தான். கைகளை விரித்து நீட்டினேன். முதல் மாடி வரைக்கும் துறவியாகவே ஏறினேன். திருப்பத்தில் கை நடுங்கி, லுங்கியும் படியும் நனைந்தன. ஆனாலும் கையைத் தாழ்த்தவில்லை.

கோலம் போட்டு முடித்துவிட்டு ஏறிவந்த கீழ்வீட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அக்குளில் வேனல் கட்டியா, தம்பி? நாமக்கட்டியை உரைத்துப் போடு, அமுங்கிவிடும்.”