கழுத்துக் கருப்பு அழுக்கில்லை

பதினோரு வருஷம் என் கழுத்தைத் தேய்த்திருக்கிறேன். பயத்தமாவு, எலுமிச்சைத் தோல், பீர்க்கங்கூடு, அப்புறம் மருந்துக் கடையில் சொன்ன க்ரீம். பின்கழுத்து வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கருத்து, மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா எல்லார் முன்னாலும், "குளிக்கும்போது கழுத்தைத் தேய்க்க மாட்டியா கண்ணு?" என்று கேட்டார். அன்றிலிருந்து தலைப்பை இழுத்து மூடிக்கொண்டுதான் வெளியே போவேன். ஒரு முறை தேய்த்ததில் ரத்தமே வந்துவிட்டது.

எனக்கு 39 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு, மண்ணடியில் இரும்புக் கடையில் கணக்கு எழுதும் வேலை. உயரம் 155 செ.மீ., எடை 54 கிலோ. "ஒல்லியா இருக்க, உனக்கெங்க சுகர் வரப்போகுது" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். போன வருஷம் காய்ச்சல் என்று எங்கள் தெரு டாக்டரம்மாவிடம் போனபோது, அவர் முதுகில் ஸ்டெத்தை வைத்தவர் கழுத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா அம்மா யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார். இரண்டு பேருக்குமே இருந்தது.

"இது அழுக்கு இல்லம்மா. ரத்தத்துல இன்சுலின் அதிகமா இருக்கும்போது தோல் இப்படி ஆகும்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

எடையைப் பார்த்துத் திருப்திப்படாமல் டேப்பை எடுத்தார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு அளக்க வேண்டும். 86 செ.மீ., தையல்காரர் கணக்கில் 34 அங்குலம். நம் நாட்டுப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். அப்புறம் போனில் ஒரு படம் காட்டினார். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம், 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு எடை என்ற பி.எம்.ஐ. கணக்கில் இரண்டு பேரும் ஒன்றுதான், 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. என் பி.எம்.ஐ.யும் கிட்டத்தட்ட அதேதான், 22.5. எனக்கு அந்தப் படம் போதும்.

அடுத்தது சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. முதலில் போன லேபில் குளுக்கோஸைக் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குப் போயிட்டு வாங்கக்கா" என்றார்கள். நடந்து வீட்டுக்குப் போய், மூன்று மாடி ஏறி, பெருக்கித் துடைத்து, திரும்ப நடந்து வந்து கையை நீட்டினேன். 134. நார்மல். எனக்கு ஒரே சந்தோஷம்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நடுவுல என்னம்மா பண்ணீங்க?" என்றார். சொன்னேன். "அப்போ இது செல்லாது. உட்கார்ந்தே இருக்கணும்." அடுத்த வாரம் வேறு லேபில், இரண்டு மணி நேரமும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். தித்திப்பில் வயிற்றைப் புரட்டியது, எதிரே இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு சமாளித்தேன். இந்தத் தடவை 162. 140-க்கு மேல் போனால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 200 என்றால் நோய். வெறும் வயிற்றில் 108, இன்சுலின் 19. இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் 5 சொச்சம். உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு செவிசாய்க்கவில்லை என்பதைக் காட்டும் எண் இது. இந்தக் கணக்கு 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டில் போட்டது. இன்சுலின் அளவு எல்லாருக்கும் பார்க்க வேண்டியதில்லை, இடுப்பளவும் சர்க்கரையுமே போதும் என்றும் சொன்னார்.

"சரி, இன்சுலின் இவ்வளவு இருந்தும் ஏன் வேலை செய்யலை?" என்று கேட்டேன். என் வேலை தெரிந்ததால் குடோனை வைத்தே சொன்னார். செல்தான் குடோன். சர்க்கரை லோடு அதன் வாசலில் நிற்கிறது. இன்சுலின் ஹாரன் அடிக்கிறது. அதைக் கேட்க செல்லின் சுவரில் ஓர் ஏற்பி உண்டு. அதன் தலை வெளியே, கால் உள்ளே. ஹாரன் கேட்டதும் உள்ளே இருக்கும் பகுதி விழித்து, சேதியை அடுத்தவருக்குச் சொல்லி, அவர் அடுத்தவருக்குச் சொல்லி, கடைசியில் குளுட்-4 என்ற ஷட்டர் மேலே வரும். தோலுக்கடியில் கொழுப்பு வைக்க இடம் பற்றாமல் போனால், அது கல்லீரலிலும் தசையிலும் போய் அடைந்துகொள்ளும். நடைபாதையெல்லாம் மூட்டை கிடந்தால் சேதி எப்படிப் போகும்? ஷட்டர் பாதியில் நிற்கும். இது போதாதென்று, வீங்கிய கொழுப்பிலிருந்தே அழற்சிப் பொருள்கள் கசிந்து அந்தச் சேதியைக் கெடுக்கும். இதை எலிகளில் 1993-லேயே காட்டிவிட்டார்களாம்.

கணையம் விடாது. இன்னும் பலமாக ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்துக் குடோன் திறந்துகொள்ளும். தோலில் இருக்கும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் இன்சுலின் தட்டிவிட, தோல் செல்கள் தேவையில்லாமல் பெருகித் தடித்துப் போகும். நான் பதினோரு வருஷம் பீர்க்கங்கூட்டால் தேய்த்தது இதைத்தான்.

மாத்திரை வேண்டுமா என்று கேட்டேன். நம் சென்னையிலேயே டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். என்னைப் போன்ற 531 பேர், மூன்று வருஷம். எதுவும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையும் சாப்பாடும் மாற்றியவர்களில் 39. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய அதேதான். "ஆறு மாசம் பார்ப்போம்" என்றார்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. கடையில் நாலு டீ ஒன்றானது, அதுவும் சர்க்கரை இல்லாமல். சோறு ஒரு கரண்டி குறைந்தது. காசிமேட்டு மத்தியும் கீரையும் முதலில், சோறு அப்புறம். என்னைக் காப்பாற்றியது தசைதான் என்று நினைக்கிறேன். தசை சுருங்கும்போது இன்சுலின் கேட்காமலே குளுட்-4 மேலே வருமாம், குடோனுக்குப் பின்வாசல் மாதிரி. முதல் லேபில் 134 வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அடிபம்பு அடிக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தார். மோட்டார் போட்டபின் தொட்டதே இல்லை. மறுபடி தொடங்கினேன். காலையில் ஆறு குடம் அடித்து, இரண்டை மூன்றாவது மாடிக்கு நானே தூக்கினேன். முதல் வாரம் தோள் எரிந்தது. இரவு சாப்பிட்டதும் எம்.சி. ரோட்டில் அரை மணி நேரம் நடை. துணிக்கடைகள் மூடும் நேரம், கட்டைப்பையும் ஹேங்கருமாக நடைபாதை அடைந்து கிடக்கும். தனியாகப் போகிறாளே என்று அத்தையும் கூட வர ஆரம்பித்தார். எனக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்த ரோட்டில் பேசியிருக்கிறோம்.

ஏழாம் மாதம் அதே லேப், அதே பெஞ்ச். வெறும் வயிற்றில் 96, இன்சுலின் 10, இரண்டு மணி நேரத்தில் 131. எடை இரண்டு கிலோதான் குறைந்தது, இடுப்பு 82. இன்னும் இரண்டு செ.மீ. பாக்கி. கழுத்து முழுதாக மாறவில்லை, ஆனால் தடிப்பு இறங்கி மென்மையாகிவிட்டது.

போன வாரம் திருவொற்றியூரில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகளுக்குப் பதினாலு வயது. பள்ளியில் கழுத்தைக் காட்டிக் கேலி செய்கிறார்கள் என்று, இந்த வெயிலிலும் கழுத்து மூடிய சட்டை போட்டிருந்தாள். குளியலறையில் பீர்க்கங்கூடு தொங்கியது. அதைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன். எதற்கும் வெறும் வயிற்றிலேயே வரச் சொல்லியிருக்கிறேன்.