அவரவர் குணத்துக்கு ஒரு ஸ்பானிஷ்

மாட்ரிட்டுக்குக் குடிவந்த புதிதில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: "வெளியே போய் நாலு பேரோடு பேசு, ஸ்பானிஷ் தானா வந்துடும்." என் கணவர் விஷயத்தில் அது அப்படியே பலித்தது. பேச்சுத்துணை இல்லாமல் காபி குடிக்க மாட்டார் அவர். நான் தமிழிலேயே அளந்து பேசுகிறவள். பழகாதவர்கள் கூடியிருக்கும் இடத்தில் அரை மணி நேரம் இருந்தாலே களைத்துப்போவேன். என்னைப் போன்ற ஒருத்திக்கு அந்த யோசனை எந்த வகையிலும் உதவாது. ஆனால் ஸ்பானிஷ் எங்கள் இருவருக்குமே வந்தது. இருவருக்கும் அது வந்த விதம் முழுக்க வேறு வேறு. ஸ்பெயினுக்குப் புதிதாக வரும் தமிழர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

குணம் என்றவுடன் பலரும் நாலெழுத்துப் பெயர் கொடுக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைப் பரிசோதனையைத்தான் நினைக்கிறார்கள். உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய கருத்துகளை வைத்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியது அது. மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கும். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் அதே ஆளுக்கு வேறு வகை வருவதும் உண்டு என்பதால் உளவியல் ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதில்லை. 'கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்' என்ற பிரிவுக்கும் அதே கதிதான். அப்படி வகை பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் படிக்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008-இல் எழுதிவிட்டார்கள். நான் குணம் என்று சொல்வது அதைவிட எளிமையானது. எந்த வேலை உங்களைக் களைப்பாக்குகிறது, எதை யாரும் சொல்லாமலே நாளைக்கும் செய்வீர்கள், அவ்வளவுதான். ஒரு மொழி கைக்கு வர நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும். பிடிக்காத வழியில் அத்தனை மணி நேரம் யாராலும் உட்கார முடியாது.

எனக்குக் கிடைத்த முதல் பள்ளிக்கூடம் குவாத்ரோ கமினோஸ் பக்கத்தில் இருக்கும் மரவீயாஸ் சந்தை. அங்கே காய்கறிக் கடை முன்னால் வரிசை என்று எதுவும் தெரியாது, ஆளாளுக்கு ஒரு பக்கம் நிற்பார்கள். ஆனால் வரிசை உண்டு. புதிதாக வருகிறவர் "கியேன் எஸ் எல் ஊல்திமோ?", கடைசியாக வந்தது யார் என்று கேட்பார். ஒருவர் கை தூக்குவார். அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், அவருக்குப் பிறகு நாம். அடுத்து வருகிறவர் கேட்கும்போது "யோ", அதாவது நான், என்று நாம் கை தூக்க வேண்டும். பேச்சு குறைவாக உள்ளவளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கேட்க ஒரு வாக்கியம், பதிலாக ஒரு சொல். அதற்குப் பிறகு முறை வரும்வரை சும்மா நிற்கலாம்.

அந்தச் சும்மா நிற்பதில்தான் பாடம் நடந்தது. எனக்கு முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் நான் பேச வேண்டியதை எனக்காகப் பேசிக் காட்டினார்கள். கடைக்காரர் "கே தே போங்கோ?", என்ன தரட்டும் என்பார். "போன்மே மேதியோ கீலோ தே தோமாத்தேஸ்", தக்காளி அரைக் கிலோ கொடுங்கள் என்று ஒரு பாட்டி சொல்வார். எதற்கு, சாலட்டுக்கா, வதக்கவா என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். சாலட் என்றால் கெட்டியாக ஒரு ரகம், வதக்க என்றால் நன்கு பழுத்த இன்னொரு ரகம். "ஆல்கோ மாஸ்?", வேறு ஏதாவது என்பார். "நாதா மாஸ்", வேறொன்றும் வேண்டாம் என்றால் வியாபாரம் முடிந்தது. இதே உரையாடலைச் சின்னச் சின்ன மாற்றத்தோடு நாலைந்து முறை கேட்டுவிட்டுத்தான் என் முறையே வரும். அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரிந்த இடத்தில் பேசுவதற்கு என்னைப் போன்றவர்களுக்குக் கூச்சம் இருக்காது. தெரியாத இடத்தில் தொண்டை அடைக்கும். அதனால் அமைதியானவர்கள் மருந்துக்கடை, ரொட்டிக்கடை, நூலகம் மாதிரி பேச்சு ஒரு தடத்தில் போகும் இடங்களாகப் பார்த்துத் தொடங்கலாம். பத்துப் பேர் கூடிக் கத்தும் மதுக்கூடத்துக்கு அப்புறம் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

மெட்ரோவும் எனக்கு ஆசிரியராக இருந்தது. வளைவில் இருக்கும் நிலையங்கள் வந்தால் ஒரு குரல் கேட்கும்: "அதென்தியோன், எஸ்தாதியோன் என் கூர்வா." கவனம், வளைவில் உள்ள நிலையம் என்று அர்த்தம். இறங்கும்போது பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவில் கால் போய்விடாமல் கவனமாக இருங்கள் என்று தொடரும். அதில் 'தெங்கான் குயிதாதோ', கவனமாக இருங்கள், என்று ஒரு தொடர் வரும். பின்னாளில் வகுப்பில் வேண்டுகோளுக்கும் விருப்பத்துக்கும் வரும் சுப்ஹுந்திவோ என்ற வினைவடிவத்தைக் கரும்பலகையில் எழுதினார்கள். மற்றவர்கள் அட்டவணையைப் பார்த்து மலைத்தபோது, எனக்கு 'தெங்கான்' ஏற்கெனவே காதில் இருந்தது. எவரையும் எதிர்கொள்ளாமல், தினமும், கட்டணமில்லாமல் படித்த இலக்கணம் அது. மதியம் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் வரும் அரசுத் தொலைக்காட்சியின் 'தெலெதியாரியோ' செய்தியையும் திரையில் ஓடும் எழுத்தோடு சேர்த்துப் பார்ப்பேன். அமைதியானவர்களுக்குக் காது ஒரு பெரிய சொத்து.

ஆனால் காது மட்டும் போதுமா? புரிகிற அளவில் நிறையக் கேட்டால் மொழி உள்ளே ஊறிவிடும் என்று மொழியியலாளர் ஸ்டீபன் க்ராஷன் 1980களில் சொன்னார். கனடாவில் வருடக்கணக்கில் பிரெஞ்சு வழியிலேயே படித்த பிள்ளைகளைக் கவனித்த மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வெயின், அவர்கள் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள், பேச்சும் எழுத்தும் பின்தங்கியே இருக்கின்றன என்று 1985-இல் எழுதினார். வாயைத் திறந்து சொல்ல முயலும்போதுதான் எது தெரியவில்லை என்பதே தெரியவரும் என்பது அவர் வாதம். நான் ஸ்வெயின் பக்கம். எனக்கு வாய் திறக்க வழி காட்டியது வாட்ஸ்அப் குரல் செய்தி. ஸ்பெயினில் எழுதுவதைவிடக் குரல் பதிந்து அனுப்புவதை விரும்புகிறவர்கள் ஏராளம். மகளின் பள்ளித் தோழிகளின் அம்மாக்கள் அனுப்புவதை மூன்று முறை கேட்கலாம். பதிலைப் பதிந்து, கேட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பதியலாம். எதிரில் முகம் இல்லை, அவசரம் இல்லை. ஆனாலும் பேசியது நாம்தான்.

இந்த வழி என் தோழி ஒருத்திக்கும் உதவியது, வேறு காரணத்துக்காக. அவள் இங்கே ஒரு ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். கூச்ச சுபாவம் துளியும் கிடையாது, ஆனால் எதையும் பிழையில்லாமல் செய்ய வேண்டும். ஸ்பானிஷில் பொருள்களுக்கும் பால் உண்டு. ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி, மேசை பெண்பாலா ஆண்பாலா என்று சரிபார்த்து, வினையின் விகுதியைத் தேடி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார். இப்படிப்பட்டவர்களிடம் "தப்பா வந்தாலும் பரவாயில்லை, பேசு" என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு விதி வேண்டும், விதியைக் கொடுத்தால் நிமிர்ந்துவிடுவார்கள். அவளுக்கு நம்பிக்கை வந்தது தமிழ் வழியாகத்தான். ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் 'மே குஸ்தா' என்ற அமைப்பில் தடுமாறுகிறார்கள். நமக்கு அது 'எனக்குப் பிடிக்கும்' என்கிற அதே கட்டுமானம், 'எனக்கு' என்பதற்கு 'மே'. 'வந்தேன்' என்றாலே 'நான்' உள்ளே இருப்பது போல ஸ்பானிஷ் வினையிலும் ஆள் உள்ளே இருப்பார். 'நாதா' என்பதில் வரும் மெல்லிய ஒலி, நாம் 'அது' என்னும்போது வருகிற 'து'தான். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்தாள். அப்புறம் தினமும் பத்து வரி எழுதி ஆய்வகத்துச் சக ஊழியரிடம் திருத்தி வாங்கினாள், திருத்திய வரியைக் குரலில் பதிந்தாள். முதலில் எழுத்து, பிறகு குரல், கடைசியில் நேர்ப்பேச்சு. மெதுவான வரிசைதான், ஆனால் அவள் வேறு எந்த வரிசையிலும் கற்றிருக்க மாட்டாள்.

ஒழுங்கும் அட்டவணையும் பிடித்தவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. எஸ்குவேலா ஒஃபித்தியால் தே இதியோமாஸ் என்ற அரசு மொழிப் பள்ளிகள் அவர்களுக்கென்றே இருக்கின்றன. அவற்றில் முதலாவது மாட்ரிட்டில் 1911-இல் தொடங்கியது. தனியார் வகுப்புகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. சேர்க்கை எப்போது என்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். மறதியைப் பற்றி உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இலேயே எழுதியதை அடிப்படையாகக் கொண்டு இன்று ஆங்கி போன்ற செயலிகள் சரியான இடைவெளியில் சொற்களைத் திருப்பிக் காட்டுகின்றன. அட்டையில் தனிச் சொல்லை மட்டும் எழுதாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

என் கணவர் வழி இன்தெர்காம்பியோ. வாரம் ஒருநாள் மாலை, ஏதோ ஒரு மதுக்கூடத்தில் ஸ்பானியர்களும் வெளிநாட்டவரும் கூடி ஆளுக்குப் பாதி நேரம் அவரவர் மொழியில் பேசிக்கொள்வார்கள். கையில் ஒரு காபியோ சாறோ இருந்தால் போதும். கால்பந்து, வாடகை, வெயில் என்று எதைப் பற்றியும் அவர் பேசுவார். சீக்கிரமே சரளம் வந்தது. பேச்சாளிகளுக்கு இது உண்மையிலேயே சாதகம்தான். பதற்றமான சூழலில்கூட அவர்களுடைய பேச்சு தடைபடுவது குறைவு, எழுத்துத் தேர்வில் மட்டும் அந்தச் சாதகம் தெரிவதில்லை என்று தெவேல், ஃபர்ன்ஹம் என்ற இருவர் 1999-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதையே நேரில் பார்த்தோம். நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது எல்லாமே அவர் பேச்சில் நிகழ்காலம். கை அசைவிலும் முகபாவத்திலும் மற்றவர்களுக்குப் புரிந்துவிடுவதால் யாரும் திருத்தவில்லை. அவரை இலக்கணப் புத்தகத்தோடு உட்கார வைப்பது நடக்காத காரியம். வாரத்துக்கு ஒரே ஒரு வடிவம் என்று முடிவு செய்தோம். இந்த வாரம் இறந்தகாலம் என்றால், மதுக்கூடத்தில் நேற்றைய கதைகளாகவே சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒருவரிடம் தன்னைத் திருத்தும்படி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பேசும் ஆளுக்குப் பேச்சிலேயே பாடம் வைத்தால் படிக்கிறார்.

மாட்ரிட்டின் லவபியேஸ் பகுதியில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்யும் தம்பி ஒருவரைத் தெரியும். கூட வேலை செய்கிறவர்கள், ஸ்பானிஷ் பேசும் தென் அமெரிக்க நாடான ஈக்வடாரைச் சேர்ந்தவர்கள். வகுப்புக்கே போகாமல் அவர்களிடமிருந்து மொழியைப் பிடித்துவிட்டார். நன்றி என்பதற்கு மாட்ரிட்டில் நாங்கள் 'கிராத்தியாஸ்' என்போம், அவர் ஈக்வடார்க்காரர்களைப் போலவே 'கிராசியாஸ்' என்பார். காதும் வாயும் அப்படி. ஆனால் தபாலில் ஒரு கடிதம் வந்தால் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இலவச வகுப்பு ஒன்றில் சேர்ந்தபோது நிறங்கள், கிழமைகள் என்று தொடங்கினார்கள், எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. நின்றுவிட்டார். இன்னொரு இடத்தில் ஒரு தன்னார்வ ஆசிரியை அவருடைய 'நோமினா'வையே, அதாவது சம்பளச் சீட்டையே, பாடப்புத்தகமாக வைத்தார். மொத்தச் சம்பளம், பிடித்தம், கையில் வருவது என்று ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார்கள். அடுத்து வாடகை ஒப்பந்தம். தன் பணம், தன் வீடு என்றதும் எழுத்துகள் அவருக்கு வசப்பட்டன. செயலில் கற்கிறவர்களுக்குத் தன் வாழ்க்கையில் இருக்கும் காகிதத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

குணத்தோடு போவது தொடக்கத்துக்கு. ஒரு கட்டத்தில் மற்ற பாதியும் தேவைப்படும், ஸ்பெயின் அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. பொதுவாக 10 ஆண்டு சட்டப்படி வசித்த பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு தெலே (DELE) என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் ஏ2 என்ற அடிப்படை நிலையாவது வேண்டும். நாடு, அரசமைப்பு பற்றிய இன்னொரு தேர்வில் 25 கேள்விகளுக்கு 15 சரியாக வர வேண்டும். தெலே ஏ2-வில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 50 மதிப்பெண், கேட்பதும் பேசுவதும் சேர்ந்து 50. இரண்டிலும் தனித்தனியாக 30 எடுத்தே ஆக வேண்டும். பேச்சில் 50 வாங்கினாலும் எழுத்தில் 29 என்றால் தேர்ச்சி இல்லை. என் கணவருக்கு எழுத்து, எனக்குப் பேச்சு என்று ஆளுக்கு ஒரு மேடு ஏற வேண்டியிருந்தது.

அதனால் வீட்டு வேலைகளை மாற்றிக்கொண்டோம். மகளின் ஆசிரியைக்கு மின்னஞ்சல், வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் எல்லாம் இப்போது அவர் எழுதுகிறார், நான் வினைகளை மட்டும் பார்க்கிறேன். சுகாதார மையத்துக்குத் தொலைபேசியில் பேசி நேரம் வாங்குவது என் வேலை. முகம் தெரியாது, எதிர்முனையில் வேகமாகப் பேசுவார்கள், தடத்தில் போகாத பேச்சு. கூப்பிடும் முன் மூன்று வாக்கியங்களைத் தாளில் எழுதிக்கொள்வேன். "மெதுவாகச் சொல்ல முடியுமா?" என்பது அதில் எப்போதும் ஒன்று. சொன்னால் மெதுவாகச் சொல்கிறார்கள். தெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது என்பதால் 10 ஆண்டு நிறையும்வரை காத்திருக்க வேண்டாம் என்று இருவரும் நவம்பர் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். அதுவரை கடிதம் அவர் பொறுப்பு, தொலைபேசி என் பொறுப்பு.