பெட்டரி தீர்ந்த நாளின் வரவு

"பெட்டரி இல்லாத நாள் நான் வந்தாலும் வராத மாதிரித்தானே டீச்சர்?"

தரம் 10 மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டு ஒரு தவணைக்கு மேலாகிறது. குரலில் கோபம் இல்லை. கணக்கு ஒன்றைச் சரிபார்ப்பதுபோலக் கேட்டாள். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் மகள்" என்று சொன்னேன். சொன்னதில் பிழை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

அந்தச் சட்டம் நான் போட்டது. பாடசாலைகளுக்கான தமிழ் மொழித்தினப் போட்டியின் குழுப்பாடலுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம், கிழமைக்கு மூன்று நாள், ஆறு கிழமை. மொத்தம் 18 பயிற்சி. நான்கு தவறினால் குழுவில் இடமில்லை என்று முதல் நாளே சொல்லி, இசையறைக் கதவில் ஒட்டியும் வைத்தேன்.

வெளியிலிருந்து பார்த்தால் கடுமையாகத் தெரியும். குழுப்பாடல் பழக்கியவர்களுக்குக் காரணம் புரியும். நீண்ட கார்வை (ஒரே சுரத்தை இழுத்துப் பிடிப்பது) வரும் இடத்தில் எல்லாரும் ஒன்றாக மூச்செடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். அதனால் பிள்ளைகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒருத்தி மூச்செடுக்கும்போது மற்றவள் சுரத்தைப் பிடித்து நிற்கும்படி பழக்குவோம். அவரவர் கொப்பியில் சொல்லுக்கு மேலே பென்சிலால் சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோடு போட்ட நாள் ஒருத்தி வராவிட்டால் அவளோடு சேர்ந்தவளும் தடுமாறுவாள். பிழையாகப் படிந்துவிட்ட சங்கதி (ஒரு வரியைச் சுரம் மாற்றிப் பாடும் விதம்) இன்னும் கரைச்சல். புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிட அதை அழிப்பதற்குத்தான் கூடுதல் நேரம் போகும்.

மூன்று பேர் அந்த எல்லையைத் தாண்டினார்கள். ஒருத்தியின் தாய் வெளிநாட்டில். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் நிற்க வேறு ஆளில்லை. இன்னொருத்தி மண்டூர்ப் பக்கமிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் வருகிறவள் (மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் அந்த மிதவையை எங்கள் பக்கம் பாதை என்றுதான் சொல்வது). காற்று எழும்பிப் பாதை நின்றால் அவளுக்குப் பாடசாலை இல்லை. மூன்றாமவள் அந்தக் கேள்வியைக் கேட்ட இவள். ஆறாவது கிழமையில்தான் இவளுக்கு நாலாவது தவறியது. மற்ற இருவரையும் நிறுத்திவிட்டு இவளை மட்டும் வைத்துக்கொண்டால் அது இரக்கத்தால் கொடுத்த இடமாகிவிடும், அவளே அதை விரும்பமாட்டாள் என்று நினைத்தேன். அவளிடம் கேட்காமலே நினைத்தேன்.

இரண்டு காதிலும் கேட்க உதவும் மெசின் போடுகிறவள். காதுக்குப் பின்னால் வைக்கும் வகை, 13ஆம் இலக்கப் பெட்டரி, செம்மஞ்சள் ஒட்டி உள்ளது. ஒட்டியை உரித்ததும் துளைகளால் காற்று உள்ளே போகும், அதன்பிறகுதான் பெட்டரி உயிர்பெறும். உரித்த கையோடு மெசினுக்குள் போடாமல் ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைக்கவேண்டும். ஒருதரம் உரித்தால் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. நாள் முழுக்கப் போட்டால் பத்து நாள், மிஞ்சினால் இரண்டு கிழமை. உலர்ந்த கச்சான் காற்று வீசும் காலத்தில் உள்ளே உலர்ந்தும், மாரியில் ஈரம் ஏறியும் அதற்கு முன்னரே போய்விடுவதுண்டு. கைவிளக்குப்போல மெல்ல மெல்ல மங்குகிற பெட்டரி அல்ல இது. கடைசிவரை ஒரே அளவாக நின்றுவிட்டுச் சட்டென்று விழும். காலையில் நன்றாகக் கேட்ட பிள்ளைக்கு மூன்றாம் பாடத்தில் ஒன்றும் கேளாது.

ஒரு அட்டையில் ஆறு. இரண்டு காதுக்கு மூன்று தரம் மாற்றலாம், ஏறக்குறைய ஐந்து கிழமை. அட்டை முடிந்தால் தகப்பனுக்குக் கூலி கிடைத்து, டவுனுக்குப் போய் வாங்கிவரும்வரை மூன்று நாலு நாள் போகும்.

இதெல்லாம் அவள் என்னிடம் சொன்னதல்ல. பிறகொருநாள் சங்கீதக் கொப்பி திருத்தும்போது பின்னட்டையின் உட்பக்கத்தில் செம்மஞ்சள் ஒட்டிகளைக் கண்டேன். சோடி சோடியாக ஒட்டி, கீழே திகதி எழுதியிருந்தாள். எந்த நாள் உரித்தது என்று மறக்காமலிருக்க அப்படிச் செய்யும்படி கிளினிக்கில் சொல்லிக்கொடுப்பார்கள். வகுப்பு வரவு இடாப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நான் சிவப்பு மையில் போட்ட சுழியங்கள் எல்லாம் கடைசிச் சோடிக்கும் அடுத்த அட்டையின் முதற் சோடிக்கும் இடையில் கிடந்தன. நான்கைந்து நாட்கள் மட்டும் பொருந்தவில்லை. அவை உண்மையான காய்ச்சல் நாட்களாக இருக்கலாம். இடாப்பில் வரவு குறிப்பது என் கையில். மாதமுடிவில் வீதம் கணக்கிட்டு அதிபரிடம் கையெழுத்து வாங்குவதும் நான்தான். சுழியங்கள் எத்தனை என்று எண்ணினேனே தவிர, எப்படி விழுகின்றன என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் என் மனச்சாட்சி வேறொன்றைக் கேட்கிறது. நான் அவளை நிறுத்தியது வரவுக்காகத்தானா?

அவளுடைய சுருதி ஆடிக்கொண்டிருந்தது. மேற்பஞ்சமத்துக்கு (மேல் ப) போய்த் திரும்பும்போது அடிச்சுரமான சட்ஜம் (ஸ) கொஞ்சம் கீழே இறங்கும். ஒன்பது பேரின் குரலில் அது மறையாது. நடுவர் காதுக்குக் கட்டாயம் போகும். நாலாவது நாள் தவறியபோது எனக்குள் ஏதோ இலேசானதை இப்போது மறைக்க விரும்பவில்லை. சுருதி போதாது என்று ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்வது கடினம். வரவைச் சொல்வது சுலபம்.

அந்த ஆட்டத்துக்கு நானே காரணமாக இருந்திருக்கிறேன். அவளுக்கு உதவட்டும் என்று மின்சுருதிப்பெட்டியை அவள் பக்கத்திலே, சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். மெசின் தன் ஒலியையே திரும்ப எடுத்துக் காதில் கூவாமலிருக்க உள்ளே ஒரு தடுப்பு இருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரே சீராக நீளும் தம்புரா ஒலியை அது கூவல் என்று எடுத்து அடக்கப் பார்க்கும். அப்போது சுரம் நடுங்கும், சிலவேளை இன்னொரு சுரம் சேர்ந்துகொள்ளும். இன்னொன்றும் உண்டு. நாங்கள் பாடிய 5 கட்டைச் சுருதியில் சட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ். மெசின்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. 200க்குக் கீழே அவற்றின் உதவி குறைவு. அதாவது பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி நான் கொடுத்த தூணே அவள் காதுக்குள் ஆடியிருக்கும். கிளினிக்கில் இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைப் போட்டு அந்தத் தடுப்பைத் தளர்த்தித் தருவார்கள். பாடுகிற பிள்ளை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் போதும். எழுதவேண்டிய ஆள் நான்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். சுருதியை முதலில் குரலால் கொடுக்கிறேன், பெட்டி தூரத்தில், குறைந்த சத்தத்தில். நேர்வரிசைக்குப் பதில் அரைவட்டம், பக்கத்துப் பிள்ளையின் வாயும் தாளம் போடும் கையும் தெரியவேண்டும். யன்னலுக்கு முதுகுகாட்டி யாரையும் நிறுத்துவதில்லை. முகம் இருட்டினால் உதடு தெரியாது. தகரக் கூரையில் மழை விழுந்தால் பயிற்சியை நிறுத்தி எழுத்துவேலை. தொடங்குமுன், மெசினில் எந்த ஒலி கேட்கிறது என்று பார்க்கும் லிங் சோதனை: வாயைத் தாளால் மறைத்து ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை முறைமாற்றிச் சொல்லவேண்டும், கேட்டதை அவள் திருப்பிச் சொல்வாள். அரை நிமிடம் போதும். ஸ் மட்டும் விழாவிட்டால் மெசினை அல்லது காதுக்குள் பொருந்தும் அச்சைப் பார்க்கவேண்டும். வளரும் பிள்ளைக்குக் காதச்சு இறுக்கம் குறைந்துகொண்டே போகும். ஒன்றுமே விழாவிட்டால் பெட்டரி.

சக ஆசிரியர் ஒருவர், "அவளுக்குத் தாளத்தக் குடுங்க, பிரச்சினை தீரும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவள் பாட வந்தவள். காது குறைந்த பிள்ளை என்றால் உடனே தாளத்தை நீட்டுவதும் ஒரு கதவைச் சாத்துவதுதான்.

சட்டம் என்ற சொல்லை நான் பாவித்ததால் சட்டத்தையும் பார்த்தேன். இயலாமையுள்ளவர்களின் உரிமைகள் பற்றிய, இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. 5 முதல் 14 வயதுவரை கட்டாயம் பாடசாலை வரவேண்டும் என்ற 1997இன் ஒழுங்குவிதி, 2016இல் 16 வயதுவரை நீட்டப்பட்டது. உள்ளே எடுக்கவும், வரவைக்கவும் விதி இருக்கிறது. வந்து அமர்ந்த பிள்ளைக்குப் பாடம் காதில் விழுந்ததா என்பதற்கு இடாப்பில் கட்டமில்லை. பெட்டரி இல்லாமல் வந்திருந்தால் அவளுக்கு நான் வரவு போட்டிருப்பேன். அந்த நாலு நாளும் பயிற்சியில் சும்மா நின்றிருந்தால் குழுவிலும் இருந்திருப்பாள். அவள் கேட்டது இதைத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் நான்கு நாள் விதியை நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்னாகும் என்று தெரியும்: ஆறாவது கிழமையில் ஐந்து பேரோடு நிற்பேன். ஒருத்தியை நிறுத்துமுன் தனியே கூப்பிட்டுக் காரணம் கேட்கிறேன், அவ்வளவுதான் மாற்றம். கேட்டால் எல்லாப் பிள்ளையும் சொல்லிவிடும் என்று நம்புகிறேனா என்றால், இல்லை.

இசையறை அலுமாரியின் கீழ்த்தட்டில் 13ஆம் இலக்க அட்டை ஒன்று வாங்கி வைத்தேன். பூட்டில்லாத தட்டு. ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை, எழுதிவைக்கவும் தேவையில்லை என்று அவளிடம் மட்டும் சொன்னேன். "சரி டீச்சர்" என்றாள்.

போன மாதம் மூன்று நாள் அவள் வரவில்லை. சுழியம் போட்டேன். பிறகு அலுமாரியைத் திறந்து பார்த்தேன். அட்டையில் ஆறும் ஒட்டி உரிக்காமல் அப்படியே இருந்தன.