மின்சாரத்தை நிறுத்திய பிறகு

யுரேனியம் டைஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கி, உருகிய உப்பில் உலோகமாக ஒடுக்கும் மின்னாற்பகுப்புக் கலத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மின்சாரம் பாயும் நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது என்று நினைத்திருந்தேன். மின்சாரத்தை நிறுத்திய பின் வரும் சில நிமிடங்களில்தான் கலம் தன் நிலையை ஒளிக்காமல் காட்டும் என்பது பின்னால்தான் புரிந்தது.

ஆர்கான் நிரப்பிய குளோவ் பாக்ஸுக்குள் (கையுறைகள் வழியாகக் கையாளும் மூடிய பெட்டி), 650 டிகிரி செல்சியஸில் உருகிய லித்தியம் குளோரைடு. அதில் எடையளவில் ஏறத்தாழ 1 சதவீதம் லித்தியம் ஆக்சைடு. ஆக்சைடு வில்லைகளை ஏந்திய துருப்பிடிக்காத எஃகுக் கூடை எதிர்மின்வாய். பிளாட்டினத் தகடு நேர்மின்வாய். 2,800 டிகிரிக்கு மேல்தான் உருகக்கூடிய அந்த ஆக்சைடு இங்கே உருகுவதுமில்லை, கரைவதுமில்லை; வில்லையாகவே கிடந்தபடி ஆக்சிஜனை மட்டும் இழக்கிறது. வெளியேறும் ஆக்சைடு அயனி பிளாட்டினத்தை அடைந்து ஆக்சிஜன் வாயுவாகிறது. 2000-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் டைட்டேனியம் டைஆக்சைடை உருகிய கால்சியம் குளோரைடில் உலோகமாக்கிக் காட்டிய முறைக்கு இது நெருங்கிய உறவு.

எங்கள் கவலையெல்லாம் ஒரு சிறிய இடைவெளியைப் பற்றியது. யுரேனியம் டைஆக்சைடு பிரிவதற்கு ஏறத்தாழ 2.40 வோல்ட் வேண்டும். லித்தியம் ஆக்சைடு பிரிவதற்கு 2.47. சற்றே கூட்டினால் லித்தியமும் உலோகமாகப் படியத் தொடங்கும். அது முழுத் தீங்கும் அல்ல, ஏனெனில் அந்த லித்தியமே ஆக்சைடைத் தாக்கி ஒடுக்கி, மீண்டும் லித்தியம் ஆக்சைடாகிவிடும். ஆனால் ஒடுக்கத்தால் செலவிட முடிகிற அளவுக்கு மேல் லித்தியம் சேர்ந்தால், உப்பில் ஆக்சைடு அயனி குறைந்துகொண்டே போகும்; அயனி கிடைக்காத பிளாட்டினம் தானே கரையத் தொடங்கும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதே அதிகம். 100 கிராம் ஆக்சைடுக்குக் கணக்குப்படி ஏறத்தாழ 40 ஆம்பியர்-மணி மின்னூட்டம் போதும். லித்தியத்தில் ஒரு பகுதி உப்பில் கரைந்து வீணாவதால் நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். ஒருநாள் அந்தக் கூடுதலை விரைவில் முடித்துவிடலாமென்று மின்னோட்டத்தை உயர்த்தினேன். நேர்மின்வாயின் மின்னழுத்தம் மெல்ல ஏறியதைப் பார்த்தும், அந்த மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் ஒப்புமின்வாயைத்தான் சந்தேகித்தேன். (கருவியைச் சந்தேகிப்பது நம்மைச் சந்தேகிப்பதைவிட எளிது.) மறுநாள் தகட்டை வெளியே எடுத்தபோது அதன் கீழ்முனை கத்தியின் விளிம்பைப் போல மெலிந்திருந்தது. உடன் பணியாற்றிய மூத்தவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகே இடையிடையே மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. நிறுத்தியதும் எதிர்மின்வாயின் மின்னழுத்தம் முதலில் லித்தியத்துக்குரிய மட்டத்தில் நிற்கும். உள்ளே ஒடுங்காத ஆக்சைடு மிச்சமிருந்தால், அது லித்தியத்தை விரைவில் தீர்த்துவிட, மின்னழுத்த வரைகோடு யுரேனியத்துக்கும் அதன் ஆக்சைடுக்கும் உரிய அடுத்த மட்டத்துக்கு நகரும். லித்தியம் மட்டம் நீண்டுகொண்டே போனால், அதைத் தின்ன உள்ளே ஆக்சைடு அதிகமில்லை என்று பொருள்.

வில்லையை வெட்டிப் பார்ப்பது இதைவிட நேரடியான சோதனை. உலோகத்தின் அடர்த்தி ஆக்சைடினுடையதைப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு என்பதால், வில்லை தன் வடிவத்தைப் பெரும்பாலும் விடாமல் உள்ளுக்குள் நுண்துளைகளாகிவிடும். ஒடுக்கம் வெளியிலிருந்து உள்நோக்கி நகர்வதால், அவசரப்பட்ட வில்லையில் சாம்பல்நிற உலோக வளையத்துக்கு நடுவே கரும்பழுப்பு ஆக்சைடு அப்படியே இருக்கும். அந்தத் துளைகளுக்குள் உறைந்த உப்பை வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கிவிட வேண்டும். இல்லையேல் அதிலுள்ள லித்தியம் ஆக்சைடு, அடுத்த கட்டமான மின்சுத்திகரிப்பில் (மின்சாரத்தால் உலோகத்தைத் தூய்மையாக்குவதில்) பயன்படும் உப்பில் இருக்கும் யுரேனியம் குளோரைடை மறுபடியும் ஆக்சைடாக்கிவிடும்.

கடைசியில் ஒரு துணுக்கைக் காற்றில் சூடாக்கி எடை பார்ப்போம். முழு உலோகமென்றால், காற்றின் ஆக்சிஜனை ஏற்று எடை ஏறத்தாழ 17.9 சதவீதம் கூடும். ஒடுங்காத டைஆக்சைடென்றால் 4 சதவீதத்தைக்கூட எட்டாது. பிளாட்டினத்தை நான் மெலியவைத்த அந்த ஓட்டத்தின் துணுக்கு 16-க்குச் சற்று மேலே நின்றது.