நுரைக்காத சோப்பும் எண்டோடாக்சினும்

வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் போர் தண்ணீர் கடும் உப்பு. சோப்பு நுரைக்காது, வாளி ஓரத்தில் வெள்ளைக் கசடுதான் படியும். அதை நகத்தால் சுரண்டும்போதெல்லாம், ஊசிமருந்துத் தொழிற்சாலை ஆய்வகத்தில் நான் நாள்தோறும் அளக்கும், இரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் தரும் எண்டோடாக்சின் நினைவுக்கு வருகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பு மூலக்கூறுகளைக் கால்சியமும் மக்னீசியமும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுவது இரண்டுக்கும் பொது.

எண்டோடாக்சின் என்பது ஈ. கோலி போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு, அதாவது கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் இணைந்த மூலக்கூறு. அச்சவ்வின் உள்ளடுக்கு வழக்கமான பாஸ்போலிப்பிடுகளால் ஆனது. வெளியடுக்கில் பெரும்பங்கு இந்த மூலக்கூறுகளே. ஓர் ஈ. கோலி செல்லில் இவை ஏறத்தாழ பத்து லட்சம் இருக்கும். ஒவ்வொன்றின் அடிப்பகுதியிலும் லிப்பிட் ஏ என்னும் பகுதி உண்டு; ஈ. கோலியில் அதற்கு ஆறு கொழுப்பமில வால்களும் இரண்டு பாஸ்பேட்டுகளும் இருக்கின்றன. அதன்மேல் சர்க்கரைச் சங்கிலி நீள்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நெருங்கி நிற்கும் பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளாமல் இருப்பதற்கு, இடையில் அமர்ந்திருக்கும் மக்னீசிய, கால்சிய அயனிகளே காரணம். இ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருளைச் சேர்த்து அந்த அயனிகளைப் பிடுங்கிவிட்டால் லிப்போபாலிசாக்கரைடில் ஒரு பகுதி சவ்விலிருந்து கழன்றுவிடும். நம் ஊர் ஐ.சி.யூ.க்களில் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாட்டிக் மருந்தும் முதலில் கை வைப்பது இதே இடத்தில்தான்.

பாக்டீரியாவை விட்டு வெளியேறிய மூலக்கூறுகள் நீரில் தனித்தனியே நிற்பதில்லை. வால்கள் நீரை விட்டு உள்ளே ஒதுங்க, சர்க்கரை வெளிப்புறம் நிற்க, அவை திரள்களாகின்றன. அத்திரளின் வடிவத்தை வால்களின் எண்ணிக்கை பெரிதும் தீர்மானிக்கிறது: ஆறு வால் கொண்ட லிப்பிட் ஏ அடி பருத்த கூம்பு போன்றது, ஆகவே அதன் திரள் வளைந்த அமைப்புகளை நாடுகிறது, நான்கு வால் மட்டுமே கொண்டது உருளை போன்றது, அது தட்டையான அடுக்குகளாகப் படிகிறது. மனிதச் செல்களில் முன்னது கடும் அழற்சியைத் தூண்ட, பின்னதோ அந்தத் தூண்டலைத் தடுக்கவே செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. தனி மூலக்கூறின் எடை பெரும்பாலும் 10 முதல் 20 கிலோடால்டன். திரளோ 1,000 கிலோடால்டன் வரை போகும். அப்படிப்பட்ட திரளும்கூட, பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் தாராளமாகப் புகுந்து போய்விடும். ஆட்டோகிளேவின் 121 டிகிரியும் இதை நம்பகமாக அழிக்காது. கண்ணாடிக் குப்பிகளை 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதெல்லாம் எனக்குப் பாடமாகத்தான் தெரியும். ஒருநாள் அவசரத்தில், நீர் விட்டுக் கரைத்த தரநிலை (அளவு தெரிந்த) எண்டோடாக்சின் குப்பியை, குலுக்கிக் கலக்கும் வோர்டெக்ஸ் மிக்ஸரில் இரண்டே நிமிடம் வைத்து எடுத்துவிட்டேன். குதிரைலாட நண்டின் இரத்தச் செல்களிலிருந்து எடுத்த, எண்டோடாக்சின் பட்டால் கட்டியாக உறையும் வினைபொருளுடன் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்த குழாய்களைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது, ஒரே நீர்ப்பு கொண்ட இரண்டில் ஒன்றில் கட்டி அசையாமல் நின்றது, மற்றொன்றில் வழிந்தது. வினைபொருளின் மீது பழி போட்டு ஒரு முழு நாளை வீணாக்கினேன். "குப்பியை எவ்வளவு நேரம் குலுக்கினாய், தம்பி?" என்று மூத்தவர் ஒருவர் கேட்ட பிறகே உறைத்தது. திரள்கள் சீராகப் பிரியாமல் கொஞ்சம் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டிருந்தால், ஒரு துளியில் மிகுதியும் அடுத்த துளியில் குறைவும் வருவது இயல்புதானே. மறுநாள் அரை மணி நேரம் குலுக்கினேன். இரண்டு குழாய்களும் ஒன்றுபோல நின்றன.

இதைவிடச் சிக்கலானது நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. புரத மருந்துகள் பலவற்றில் சோப்பைப் போன்ற பாலிசார்பேட்டும், அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் தாங்கலும் இருக்கும். கால்சிய, மக்னீசிய அயனிகளைச் சிட்ரேட் கவர்ந்துகொள்ள, பாலிசார்பேட் மூலக்கூறுகள் திரளுக்குள் புகுந்து அதை அவிழ்த்துவிடுகின்றன. வேண்டுமென்றே சேர்த்த எண்டோடாக்சின் முதல்நாள் முழுமையாகத் தெரிந்து, சில நாட்களில் சோதனையின் கண்ணுக்கு மறைந்துபோகிறது. 2013 முதல் இத்துறையில் இது பெரிய விவாதம். எண்டோடாக்சின் எங்கும் போய்விடவில்லை. வினைபொருள் அடையாளம் காணும் திரளாக அது இல்லை, அவ்வளவுதான். நம் உடலோ வேறு வழியில் வேலை செய்கிறது: இரத்தத்தில் உள்ள எல்.பி.பி. என்னும் புரதம் திரளிலிருந்து மூலக்கூறுகளைப் பிரித்து சி.டி.14 என்னும் இன்னொரு புரதத்துக்குக் கொடுக்க, அது ஒவ்வொன்றாக, செல்களின் மேல் நின்று அழற்சியைத் தூண்டும் எம்.டி.-2, டி.எல்.ஆர்.4 புரத இணையிடம் சேர்க்கிறது. ஆகவே, அத்தகைய மருந்து வரும் நாட்களில், சோதனைக் குழாயில் கட்டி உண்டாகவில்லை என்பதை மட்டும் வைத்து நான் கையெழுத்துப் போடுவதில்லை. எண்டோடாக்சின் சேர்த்து நாட்கணக்கில் வைத்திருந்த மாதிரியின் முடிவையும் கேட்கிறேன்.