பலாச்சக்கையில் பி.எஸ்.எஃப் புழு: எந்தக் கலவை எடுபட்டது

சீசனில் பண்ருட்டிப் பக்கம் பலாச்சக்கைக்குப் பஞ்சமே இல்லை. அதை மட்டும் போட்டு, கழிவைத் தின்று மீன் தீவனமாகும் பி.எஸ்.எஃப் எனும் கருப்புப் படைவீரர் ஈயின் புழுவை வளர்த்தால் சாகாது, தேறவும் தேறாது. சக்கையில் இருப்பது சர்க்கரையும் நீரும், புரதம் சொற்பம். சக்கை ட்ரேயில் புழு பெரிதும் சிறிதுமாக நின்றது. பக்கத்துக் கலவை ட்ரேயில், அதே வயசுப் புழு கொழுத்துக் கருக்கத் தொடங்கிவிட்டது.

60×40 செ.மீ. ட்ரேக்கு 5 நாள் வயசுப் புழு சுமார் 10,000. மொத்தத் தீவனம் 15 கிலோ: பொடியாக நறுக்கிய சக்கை 10, கடலூர் துறைமுகத்து மீன் கழிவு (தலை, குடல்) 2, அரிசித் தவிடு 2, கடலைப் புண்ணாக்கு 1. ஈரம் 65 சதவீதம் வரும், காய்ந்த எடையில் புரதம் ஏறக்குறைய 20. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் நாலைந்து சொட்டுதான் வரணும். ஒழுகினால் தவிடு சேர்க்க வேண்டும். கருவாட்டுக் கழிவு வேண்டாம், உப்பு.

புழுவை ட்ரேயில் விட்ட நாளிலிருந்து எண்ணி, தீவனத்தை 1, 5, 8-ஆம் நாட்களில் பிரித்துப் போட்டு 12-ஆம் நாள் புழுவைச் சலிக்கலாம். உயரம் 5 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடியில் காற்று போகாது. சக்கை புளித்துச் சூடேறும், புழு சுவரேறி ஓடும். ட்ரே மூடி போட்டுத் தடுப்பதில் பிரயோஜனமில்லை, கிளறி மெல்லிசாகப் பரப்புவதுதான் மருந்து. அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் புரதம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அடுத்த தடவை புண்ணாக்கையும் மீனையும் குறைக்கணும். தேங்காய் நார், கரும்புச் சக்கை இரண்டையும் புழுவால் செரிக்க முடியாது, சும்மா இடத்தை அடைக்கும்.

முதல் 5 நாள் குஞ்சுப் புழுவுக்கு இந்தக் கலவை ஒத்துவராது. கோழிக்குஞ்சுத் தீவனம் 1 கிலோவுக்குத் தண்ணீர் 2 லிட்டர் கலந்து, அதன்மேல் முட்டையைத் தொங்கவிட வேண்டும். 1 கிராமில் ஏறத்தாழ 40,000 முட்டை, பொரியாதது போக ட்ரேக்கு 0.3 கிராம் போதும்.

மீன் கழிவைக் கடைசி வேளையில் கூட்டினால் புழுக் கொழுப்பில் ஒமேகா-3 ஏறும், மீன் தீவனத்துக்கு நல்லது. தொழிற்சாலைக் கழிவைத் தொடவே கூடாது; காட்மியம் எனும் நச்சு உலோகம் புழு உடம்பில் தேங்கும்.

வளர்ந்த ஈக்கு இரை வேண்டாம், தண்ணீர் தெளித்தால் போதும். ஆனால் நல்ல வெயில் இல்லாமல் இணை சேராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முட்டை குறைவது அதனால்தான், தீவனத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.